10 நாளில் 6 ஊர், இதற்குப் பெயர் பயணமா?

மூன்று வாரமாக இதே சண்டைதான். பாரிஸில் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து 10 நாளும் அங்கேயே இருந்துவிட்டு வரலாம் என்றேன், அவ்வளவுதான், "ஒரே ஊரில் 10 நாள் உட்கார்ந்து என்ன பண்ணுவே?" என்று ஆளாளுக்குப் பிடித்துக்கொண்டார்கள். நேற்று ராத்திரி நண்பன் எக்செல் ஷீட் அனுப்பியிருக்கிறான். 10 நாளில் 6 ஊர், அரை மணி நேரத்துக்கு ஒரு கட்டம். "1.30 - 2.00 ஓய்வு" என்றுகூட ஒரு கட்டம் இருக்கிறது. ஓய்வுக்கு எதற்குடா டைம்டேபிள்?

அதற்கு மேலே "லூவர், 10 - 12". வயிறு எரிகிறது. லூவர் என்பது பாரிஸின் பெரிய மியூசியம், அங்கே காட்சிக்கு வைத்திருக்கும் கலைப்பொருட்கள் மட்டுமே சுமார் 35,000. ஒன்றுக்கு அரை நிமிடம், நாளுக்கு எட்டு மணி நேரம் என்று விடாமல் பார்த்தாலும் 36 நாள் தாண்டும். எல்லாவற்றையும் பார்க்கணும் என்று நான் கேட்கவில்லை. ஒரு கூடத்தை ஆற அமரப் பார்த்துவிட்டு, கால் வலித்தால் வெளியே வந்து செய்ன் ஆற்றங்கரையில் உட்கார்ந்துவிட்டு, மனசு இருந்தால் மறுநாளும் போக ஆசைப்படுகிறேன், இது ஒரு பெரிய குற்றமா?

அப்புறம், ஊர் மாறும் நாளை ஒருத்தரும் கணக்கில் சேர்ப்பதே இல்லை. பாரிஸிலிருந்து லியோனுக்கு ரயிலில் 2 மணி நேரம், அதை மட்டும் எழுதிவிடுகிறார்கள். காலையில் எழுந்து பெட்டி கட்டுவது, 11 மணிக்குள் அறையைக் காலி பண்ணுவது, ஸ்டேஷனுக்குப் போய்க் காத்திருப்பது, இறங்கி ஹோட்டலைத் தேடிப் போனால் அறை 3 மணிக்குத்தான் என்பார்கள், அதுவரை பெட்டியை என்ன செய்வது என்று நிற்பது, இதெல்லாம் யார் கணக்கு? 6 ஊர் என்றால் ஐந்து தடவை இந்தப் பாடு. தடவைக்கு அரை நாள் என்று வைத்தாலும் இரண்டரை நாள் பெட்டி தூக்குவதிலேயே காலி.

கேட்டால், லீவு கம்மியாம், அதனால் முடிந்தவரை பார்த்துவிட வேண்டுமாம். லீவு கம்மி என்பதால்தானே ஊரைக் குறைக்கச் சொல்கிறேன்!

இதில் கொடுமை, லூவர் கட்டம் விழுந்திருப்பது செவ்வாய்க்கிழமை. செவ்வாய் அன்று லூவர் திறக்காது. பாரிஸிலேயே இருந்தால் புதன்கிழமை போய்க்கொள்ளலாம், ஆனால் இவன் திட்டப்படி புதன் காலை 7 மணிக்கு நாங்கள் ரயிலில் இருக்க வேண்டும்.

மீதி ஐந்து ஊரையும் அழித்துவிட்டு ஷீட்டைத் திருப்பி அனுப்பிவிட்டேன். பார்த்துவிட்டான், பதில் இல்லை. சரி, தனியாகப் போகவும் நான் தயார்.