டூயல் ஆக்‌ஷன் பாலிஷர் பெயின்ட்டை எடுக்காதா? எடுக்கும்

"டூயல் ஆக்‌ஷன் பாலிஷர் வாங்கினால் போதும், பெயின்ட் போகவே போகாது, எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் தேய்க்கலாம்" என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. தவறு.

காரின் பெயின்ட்டைத் தேய்த்துப் பளபளப்பாக்கும் இந்த மெஷினில் பேட் (தேய்க்கும் மெத்தை வட்டு) தானும் சுற்றி, சிறு வட்டமாக அலையவும் செய்கிறது. அதனால் ஒரே அச்சில் மட்டும் சுற்றும் ரோட்டரி மெஷினைப் போல ஒரே இடத்தில் சட்டென்று சூடு ஏறாது. புதிதாகக் கற்பவருக்கு இதுதான் நல்லது, அதுவரை சரி. ஆனால் கீறல் எப்படி மறைகிறது? சுற்றியுள்ள கிளியர் கோட்டை (நிறத்தின் மேல் உள்ள நிறமற்ற படலம்) காம்பவுண்ட் (பாலிஷ் பசை) அரைத்து எடுப்பதால்தான். பெரும்பாலும் அந்தப் படலமே 35 முதல் 50 மைக்ரான்தான். பானட் விளிம்பிலும் கதவின் மடிப்புக் கோட்டிலும் இன்னும் மெல்லிசாக இருக்கும். அங்கே டேப் ஒட்டாமல் மெஷினை வைக்காதீர்கள்.

"21 மில்லிமீட்டர் த்ரோதான் சிறந்தது" என்பதும் அரைகுறை. த்ரோ என்றால் பேட் அலையும் வட்டத்தின் அகலம். கூரை, பானட் போன்ற சமதளத்தில் வேலை சீக்கிரம் முடியும். பம்பர் வளைவிலோ பேட் சுற்றாமல் நின்று, வெறும் அதிர்வுதான் மிஞ்சும். பேட்டைத் தாங்கும் பேக்கிங் பிளேட் ஓரத்தில் மார்க்கரால் ஒரு கோடு போட்டுப் பாருங்கள். ஓடும்போது கோடு அசையாமல் நின்றால், அழுத்தம் அதிகம் அல்லது பேட் சாய்ந்திருக்கிறது. வளைவு நிறைந்த சின்னக் கார்களுக்கு 15 மில்லிமீட்டர் த்ரோவும் 5 அங்குல பிளேட்டும் போதும் என்பேன்.

டூயல் ஆக்‌ஷனிலேயே கியரில் ஓடும் வகையில் அழுத்தினாலும் பேட் நிற்காது, ஆனால் சூடு கூடும்.

கிளியர் கோட் உள்ள காரில் பேட்டில் காரின் நிறம் ஒட்டினால் உடனே நிறுத்துங்கள். அந்த இடத்தில் படலம் தீர்ந்துவிட்டது.