டெய்லர் ஸ்விஃப்ட்டின் புது ஆல்பத்தில் நான் எங்கே நிற்பது?

‘தி லைஃப் ஆஃப் எ ஷோகேர்ள்’ 2025 அக்டோபர் 3-ஆம் தேதி வெளிவந்தது. பன்னிரண்டு பாட்டையும் சமைக்கும்போது, துணி மடிக்கும்போது, ஈப்போவுக்குக் கார் ஓட்டும்போது என்று திரும்பத் திரும்பக் கேட்டுவிட்டேன். மெட்டு எல்லாம் சட்டென்று பிடித்துக்கொள்கிறது. குரல் முன்னைவிடப் பண்பட்டிருக்கிறது. ஆனாலும் பாட்டு முடிந்ததும் மனசு காலியாகவே இருக்கிறது. பழைய ஆல்பங்கள் என்னை அப்படி விட்டதே இல்லை. ஏன் என்று யோசித்து எனக்குப் பட்டதைச் சொல்கிறேன். முன்பெல்லாம் அவர் பாட்டுக்குள் நாம் போய் உட்கார ஓர் இடம் இருக்கும். இந்த முறை எல்லா நாற்காலியிலும் அவரே உட்கார்ந்திருக்கிறார்.

உடனே யாராவது விற்பனைக் கணக்கை எடுத்துக்கொண்டு வருவார்கள். முதல் வாரத்தில் அமெரிக்காவில் மட்டும், ஸ்ட்ரீமிங்கையும் சேர்த்து, 4 மில்லியன் பிரதிக் கணக்கைத் தாண்டியது. 2015-இல் பாடகி அடேலின் ‘25’ ஆல்பம் வைத்த சாதனை போய்விட்டது. சரி, மறுக்கவில்லை. ஆனால் அதே பாட்டுகளை வேறு வேறு அட்டையிலும் வேறு வேறு நிற இசைத்தட்டிலும் போட்டு விற்றார்கள். ஒரே ஆள் ஐந்து வாங்கினால் கணக்கில் ஐந்து ஏறும். ரசிகர்கள் அவர் மேல் எவ்வளவு உயிராக இருக்கிறார்கள் என்பதற்கு அது சாட்சி. பாட்டு எவ்வளவு ஆழமாக இறங்கியது என்பதை அதை வைத்துச் சொல்ல முடியாது.

“நமக்கு வயசாயிருச்சு. பதினஞ்சு வயசுல எதைக் கேட்டாலும் அழுகை வரும்” என்று என் தோழிகள் சொல்கிறார்கள். இதை நான் ஒத்துக்கொள்வதாக இல்லை. இங்கே மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் மாலை நேரத்தில் டியூஷன் எடுக்கிறேன். படிவம் நான்கு, ஐந்து படிக்கும் பிள்ளைகள். பாதிப் பேர் ரப்பர் தோட்டத்து லயத்திலிருந்து தாமான் என்கிற வீடமைப்புப் பகுதிக்கு மாறி வந்த குடும்பங்கள். டெய்லரின் ‘ரெட்’ ஆல்பம் 2012-இல் வந்தபோது இந்தப் பிள்ளைகளுக்கு இரண்டு மூன்று வயது. அவர்களுக்கு அது பழைய ஞாபகமே கிடையாது. கைப்பேசியில் ‘ரெட்’டும் புது ஆல்பமும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன, இரண்டுமே அவர்களுக்குப் புதுசு. அப்படியிருந்தும் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பும்போது அவர்கள் வாயில் வருவது ‘ரெட்’டில் இருக்கும் ‘ஆல் டூ வெல்’. அதுவும் பத்து நிமிஷப் பதிப்பு! அதிகம் பேசாத ஒரு பிள்ளையிடம் புது ஆல்பம் எப்படி என்று கேட்டேன். “கேக்க நல்லாதான் இருக்கு டீச்சர். ஆனா அது அவங்க பாட்டு” என்றாள். நான் இங்கே இத்தனை பத்தியில் சொல்ல வருவதை அவள் அந்த ஒரு வார்த்தையில் சொல்லிவிட்டாள்.

‘ஆல் டூ வெல்’லில் என்ன இருக்கிறது? காதலனுடைய அக்கா வீட்டில் விட்டுவிட்டு வந்த ஒரு ஸ்கார்ஃப். ஃபிரிட்ஜ் வெளிச்சத்தில் சமையலறையில் ஆடிய ஆட்டம். உதிர்ந்து விழும் இலைகள். அந்தக் குளிர் ஊர் எங்களுக்குத் தெரியாது, ஆனால் இலையுதிர்வு தெரியும். பிப்ரவரி, மார்ச் வந்தால் பால் மரம், அதாவது ரப்பர் மரம், சிவந்து இலையைக் கொட்டும். தோட்டம் முழுக்கக் காய்ந்த இலை மிதிபடும் சத்தம். பால் குறையும், சம்பளம் குறையும், வீட்டில் பேச்சும் குறைந்துவிடும். அந்தப் பாட்டின் இலைகளை நான் அந்த மரத்தடியில்தான் பார்த்தேன். அவர் யாரை நினைத்து எழுதினார் என்று எனக்குத் தெரியாது, தெரிய வேண்டிய தேவையும் இருக்கவில்லை.

நம் அகப்பாட்டு மரபும் இப்படித்தான். தலைவன், தலைவி பெயரைச் சுட்டிச் சொல்லக் கூடாது என்று தொல்காப்பியர் விதியே வைத்திருக்கிறார். மரம், பூ, மழை, பறவை, பொழுது எல்லாம் அத்தனை நுணுக்கமாக வரும். ஆள் இன்னார் என்பது மட்டும் வராது. அதனால்தான் இத்தனை நூற்றாண்டு கழித்தும் அந்தப் பிரிவு நம் பிரிவாகப் படுகிறது. டெய்லருக்கு இந்த மரபைப் பற்றித் தெரிந்திருக்க வழியில்லை. இருந்தும் அவருடைய நல்ல பாட்டெல்லாம் இப்படியே அமைந்தன. பொருள் கண் முன்னால் இருக்கும், ஆளின் முகம் நிழலில் இருக்கும். அந்த நிழலில் நம் ஆளை வைத்துக்கொள்வோம்.

புது ஆல்பத்தில் முகம்தான் பெரிதாகத் தெரிகிறது. ஒரு பாட்டு, அவரைக் குறை சொன்ன இன்னொரு பாடகிக்குப் பதில். ஒரு பாட்டு, இசைத்தொழிலில் யார் கை மேலே என்பது பற்றி. இன்னொன்று, ஊர் ஒதுக்கிவைத்த தன் பிரபல நண்பர்களைப் பற்றி. பின்கதை தெரிந்தால்தான் பாட்டு திறக்கும். பின்கதை தெரிந்த பிறகோ, செய்தி படித்த திருப்திதான் வருகிறது.

என்னை மிகவும் வருத்தியது ‘எல்டஸ்ட் டாட்டர்’. அவருடைய ஆல்பத்தில் ஐந்தாவது பாட்டுதான் நெஞ்சைப் பிழியும் பாட்டு என்பது ரசிகர்கள் எல்லாருக்கும் தெரியும். ‘ஆல் டூ வெல்’ அந்த இடத்தில்தான் இருந்தது. இந்த முறை அந்த இடத்தில் ‘மூத்த மகள்’ என்று தலைப்பைப் பார்த்ததும் கேட்பதற்கு முன்பே எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. நான் நாலு பேரில் மூத்தவள். அம்மா இருட்டோடு பெரட்டுக்கு, அதாவது தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்குப் போய்விடுவார். தம்பிக்கு மைலோ கலக்கிக் கொடுத்துவிட்டு, ரிப்பனை வாயில் கடித்துக்கொண்டு தங்கச்சிக்கு இரட்டைச் சடை பின்னுவேன். பள்ளி பஸ் ஹாரன் அடித்தால் அவள் அழுவாள், ஒரு சடை எப்போதும் கோணலாகத்தான் இருக்கும். எங்கள் லயத்தில் எத்தனையோ மூத்த பெண்கள் பள்ளியின் கடைசிப் பரீட்சையான எஸ்பிஎம் முடித்த கையோடு பினாங்கு ஃபேக்டரிக்குப் போனார்கள். ஹாஸ்டலில் தங்கி, நைட் ஷிஃப்ட் பார்த்து, அந்தச் சம்பளத்தில் தம்பிகளைப் படிக்கவைத்தார்கள். அவர்களுக்கு யாரும் பாட்டு எழுதியதில்லை. உலகத்தின் ஆகப் பெரிய பாடகி எழுதியிருக்கிறார் என்று நினைத்தேன்.

பாட்டு தொடங்கியதும் இணையத்தில் எல்லாரும் எவ்வளவு கெத்தாக நடிக்கிறார்கள் என்ற பேச்சு. கேலி, மீம்ஸ். நடுவில் ஒரு வரியில் மூத்த மகள்தான் முதலில் பலிக்குப் போகும் ஆட்டுக்குட்டி என்கிறார். அட, இதுதான்! இங்கே நில்லுங்கள், இங்கேயே உட்காருங்கள் என்று கத்த வேண்டும்போல் இருந்தது. நிற்கவில்லை. தன் காதலுக்குக் கொடுக்கும் வாக்குறுதிக்குப் போய்விடுகிறார். சின்ன வயசில் யார் வீட்டுக் கொல்லையிலோ டிராம்போலினில் குதித்து விழுந்து கையை உடைத்துக்கொண்ட ஞாபகம் வரும் இடம் மட்டும் பழைய டெய்லர். அந்த நான்கு வரிக்காகவே இன்னும் கேட்கிறேன். ஆனால் தலைப்பு கொடுத்த வாக்கைப் பாட்டு காப்பாற்றவில்லை.

சந்தோஷமாக இருக்கிறார், அதனால் எழுத்து இளைத்துவிட்டது என்று ஒரு பேச்சு ஓடுகிறது. எனக்கு அந்தப் பேச்சே பிடிக்கவில்லை. ஒரு பெண் நல்ல பாட்டுக் கொடுக்க வேண்டுமென்றால் அழுதுகொண்டே இருக்க வேண்டுமா? அவருக்குக் கல்யாண யோகம் கூடி வந்ததில் எனக்கு மனப்பூர்வமான மகிழ்ச்சி. சந்தோஷத்தையும் நமக்கு இடம் வைத்துப் பாடலாம்.

பெயரே வரக் கூடாது என்றும் நான் சொல்லவில்லை. 2020 டிசம்பரில் வந்த ‘எவர்மோர்’ ஆல்பத்தில், ஓபரா பாடகியாக இருந்த தன் பாட்டியின் பெயரையே தலைப்பாக வைத்து ஒரு பாட்டு இருக்கிறது. பாட்டி போன பிறகு, அவர் மளிகைக் கடைக்குப் போய்வந்த ரசீதைக்கூட விடாமல் எடுத்து வைத்திருக்கலாமே என்று ஏங்குகிறார். எங்கள் பாட்டியிடம் ஒரு 555 புத்தகம் இருந்தது. கடனுக்குச் சாமான் வாங்கும் சின்ன நோட்டு. கோப்பித்தூள், சார்டின், கருவாடு என்று கடைக்காரர் கையெழுத்தில் வரிசையாக இருக்கும், சம்பள நாளில் குறுக்கே ஒரு கோடு விழும். லயத்தைக் காலி செய்தபோது அதுவும் எங்கோ போய்விட்டது. அந்த ரசீது வரி வரும்போதெல்லாம் எனக்கு அந்த நோட்டின் எண்ணெய்ப் பிசுக்கு விரலில் தட்டுப்படும். அமெரிக்க ஓபரா பாடகிக்கும் பால் மரம் சீவிய கிழவிக்கும் என்ன சம்பந்தம்? பாட்டு சம்பந்தம் உண்டாக்கியது.

இசையமைப்பைக் குறை சொல்வதும் நியாயமில்லை. இதற்கு இசையமைத்த மேக்ஸ் மார்ட்டினும் ஷெல்பேக்கும் அவருடைய பழைய ‘1989’ ஆல்பத்திலும் இருந்தவர்கள்தான். எனக்குத் தெரிந்து, குறை அவருக்கு நேரம் இல்லாததில் இருக்கிறது. 2023 மார்ச் முதல் 2024 டிசம்பர் வரை ‘ஈராஸ் டூர்’ என்ற உலகக் கச்சேரிப் பயணம், மொத்தம் 149 நிகழ்ச்சி. 2024 மார்ச்சில் சிங்கப்பூரில் மட்டும் ஆறு இரவு. தென்கிழக்காசியாவில் வேறெங்கும் பாடவில்லை, எங்கள் ஊரிலிருந்து ராத்திரி பஸ் ஏறிப் போனவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பயணத்துக்கு நடுவிலேயே 31 பாட்டோடு ஓர் ஆல்பம். அதே பயணத்தில், ஐரோப்பாவில் நிகழ்ச்சிகளுக்கு இடையே ஸ்வீடனுக்குப் பறந்து பறந்துதான் இந்தப் புது ஆல்பத்தையும் பதிவு செய்தார். அப்படி ஓடுகிற ஒருவர் மேடையையும் ஹோட்டல் அறையையும் தவிர வேறெதைப் பார்த்திருக்க முடியும்? 2020-இல் ஊரே அடைத்துக் கிடந்தபோதுதான் ‘ஃபோக்லோர்’ வந்தது. கற்பனையாக மூன்று பள்ளிப் பிள்ளைகளை உண்டாக்கி, ஒரே காதலை மூவர் வாயாலும் பாடவைத்தார். போருக்குப் போன தன் தாத்தாவைப் பாடினார். அடுத்தவர் வாழ்க்கைக்குள் போகத் தெரிந்தவர் அவர். அவசரத்தில் அது தவறிவிட்டது.

முழுவதும் தவறிவிட்டது என்றும் சொல்ல மாட்டேன். ஆறாவது பாட்டு ‘ருயின் தி ஃப்ரெண்ட்ஷிப்’பை இந்தச் சத்தத்துக்குள் தவறவிட்டுவிடாதீர்கள். பள்ளிக்கூடத்தில் ஒரு பையன் மேல் ஆசை, நட்பு கெட்டுவிடுமே என்று சொல்லாமல் விட்டது, பல வருஷம் கழித்துத் தோழியிடமிருந்து ஒரு போன், சாவுக்கு ஊர் திரும்புவது. அவ்வளவுதான் கதை. ஷோகேர்ள் இல்லை, மேடை இல்லை. அதைக் கேட்டதும் என் வகுப்பில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த ஒரு முகம் எனக்கு வந்தது. பன்னிரண்டில் இப்படி ஆறு இருந்திருந்தால் இந்தப் பதிவையே எழுதியிருக்க மாட்டேன்.

மூத்த பெண்ணாகப் பிறந்தவர்கள் அந்த ஐந்தாவது பாட்டைக் கேட்டுவிட்டு வாருங்கள். உங்களுக்கு அது வேறு மாதிரிப் பட்டிருந்தால் கீழே எழுதுங்கள். எந்த வரி உங்களைத் தொட்டது என்பதையும் சேர்த்து எழுதுங்கள், எனக்கு அது தெரிய வேண்டும்.