லிங்கன் வம்சாவளியில் மொர்தெகாய் என்ற பெயர்
குடும்பத்தில் திரும்பத் திரும்ப வரும் பெயர்களால் வம்சாவளி ஆய்வுக்குப் பயனே இல்லை என்று ஒரு கட்டுரையாளர் கூறுவதை ஏற்க இயலவில்லை. 1859-இல் எழுதிய தன்வரலாற்றுக் குறிப்பில், பின்னர் அமெரிக்க அதிபரான ஆபிரகாம் லிங்கன், தம் முன்னோர் பென்சில்வேனியாவின் பெர்க்ஸ் கவுண்டியிலிருந்து வர்ஜீனியாவுக்கு வந்தவர்கள் என்றும், அவர்களை நியூ இங்கிலாந்து (மாசசூசெட்ஸ் உள்ளிட்ட வடகிழக்கு அமெரிக்கப் பகுதி) லிங்கன் குடும்பத்தோடு இணைக்கும் முயற்சியில் லேவி, மொர்தெகாய் போன்ற பெயர் ஒற்றுமைக்கு மேல் எதுவும் கிடைக்கவில்லை என்றும் எழுதினார். அது மட்டுமே சான்றாகாது என்பது உண்மைதான். ஆனால் அந்த மொர்தெகாய்தான் சரியான தடம். 1637-இல் இங்கிலாந்தின் நார்ஃபோக்கிலிருந்து மாசசூசெட்ஸுக்கு வந்து ஹிங்கமில் குடியேறிய சாமுவேல் லிங்கனின் மகனுக்கும் பேரனுக்கும் அதே பெயர். பேரன் நியூஜெர்சி வழியாகப் பென்சில்வேனியா சென்று, தம் நியூஜெர்சி நிலத்தை மகன் ஜானுக்கு உயில் எழுதிவைத்தார். பின்னர் வர்ஜீனியாவில் குடியேறிய அந்த ஜானே அதிபரின் கொள்ளுத்தாத்தா.