நாந்த் பிரிட்டனியில் இருந்ததே இல்லையா?

"பிரான்ஸின் நாந்த் நகரம் எந்தக் காலத்திலும் பிரிட்டனியைச் சேர்ந்ததில்லை, வரைபடத்தைப் பார்த்தாலே தெரியும்" என்று எழுதியிருக்கிறீர்கள். பிரிட்டனி என்பது பிரான்ஸின் வடமேற்கில் உள்ள பகுதி; முன்பு கோமகன்கள் ஆண்ட தனி நாடு. நீங்கள் பார்த்தது இன்றைய வரைபடம். அதில் நாந்த், பேய் த லா லுவார் மண்டலத்தில்தான் இருக்கிறது, சரி. ஆனால் பிரிட்டனி கோமகன்களின் கோட்டை இன்றும் நிற்பது நாந்தில். பிரிட்டனியை ஆண்ட கோமகள் ஆன் 1477-இல் பிறந்ததும் அங்கேதான். 1532-இல் பிரிட்டனி பிரான்ஸுடன் இணைந்தபோது நாந்தும் அதோடு சேர்ந்தே வந்தது. 1790-இல் புரட்சி அரசு பழைய மாகாணங்களைக் கலைத்துவிட்டு பிரிட்டனியை 5 மாவட்டங்களாகப் பிரித்தது. நாந்த் சுற்றுவட்டாரம் அவற்றில் ஒன்று.

பிரிவினை வந்தது வெகு பின்னால். 1941-இல் விஷி அரசு (இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனியுடன் ஒத்துழைத்த பிரெஞ்சு அரசு) மண்டலங்களை அமைத்தபோது நாந்த் மாவட்டத்தை மட்டும் தனியே எடுத்து வேறு பக்கம் வைத்தது. 1950-களில் போட்ட மண்டல எல்லைகளும் கிட்டத்தட்ட அதையே பின்பற்றின. மற்ற நான்கு மாவட்டங்கள்தான் இன்றைய பிரிட்டனி மண்டலம்.

அப்புறம், "பிரிட்டனிக்கு நாந்த் மட்டுமே தலைநகர்" என்று பதிலுக்குக் கிளம்பியவர்களுக்கும் ஒன்று: பிரிட்டனியின் பார்லமாங், அதாவது உயர் நீதிமன்றம், ரென் நகரில்தான் நிலைத்தது. தலைநகர் யார் என்ற போட்டி இரண்டு ஊருக்கும் பழையது. நாந்த் மாவட்டத்தைப் பிரிட்டனியோடு திரும்பச் சேர்க்கக் கோரி இப்போதும் ஊர்வலங்கள் நடக்கின்றன.