காற்றுக்கு எட்டியது கைக்கும் எட்டியது

பிஎம்டபிள்யூவின் பாக்ஸர் பைக்குகளில் காற்றால் குளிரும் பழையதை வைத்திருப்பவர்களும் தண்ணீரும் சேர்ந்து குளிர வைக்கும் புதியதை வைத்திருப்பவர்களும் ஒருவரையொருவர் மட்டம் தட்டுவதைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. போன ஞாயிற்றுக்கிழமை காலையில் புதுச்சேரியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகப் போய், மரக்காணம் உப்பளங்களுக்குப் பக்கத்தில் ஒரு டீக்கடையில் நிறுத்தினோம். மூன்று பழைய வண்டிகள், மூன்று புதியவை. "தண்ணீர் ஊற்றிக் குளிர வைப்பதெல்லாம் பாக்ஸரா?" என்று ஆரம்பித்தார் பெரியவர் ஒருவர். "உங்கள் வண்டி ஓடிய நாளைவிடப் பிரித்துக் கிடந்த நாள்தானே சார் அதிகம்?" என்றான் ஓர் இளைஞன். இருவரும் சிரித்துக்கொண்டுதான் பேசினார்கள். ஆனாலும் ஊர் திரும்பும்போது இரண்டு கூட்டமாகப் பிரிந்து வந்தோம். அது மனதை உறுத்திக்கொண்டே இருக்கிறது. அதனால்தான் இந்த நீண்ட பதிவு.

பாக்ஸர் என்றதும் நம் ஊரில் பலருக்கு அந்தக் காலத்து பஜாஜ் வண்டிதான் நினைவுக்கு வரும். நான் சொல்வது எஞ்சினின் அமைப்பை. இரண்டு சிலிண்டர்களும் வண்டியின் இரு பக்கமும் கை விரித்ததுபோல் படுத்திருக்கும். இரண்டு பிஸ்டன்களும் ஒரே நேரத்தில் வெளியே போகும், ஒரே நேரத்தில் உள்ளே வரும். குத்துச்சண்டைக்காரர் இரண்டு கையுறைகளையும் தட்டிக்கொள்வதைப்போல. ஒன்றின் அதிர்வை மற்றொன்று வாங்கிக்கொள்கிறது. எடை தாழ்வாக இருப்பதால், இருநூறு கிலோவுக்கு மேலுள்ள வண்டியையும் சந்துக்குள் கால் ஊன்றாமல் திருப்பிவிடலாம். பெட்ரோல் போடப் போகும் ஒவ்வொரு முறையும் யாராவது ஒருவர் குனிந்து பார்த்து, "இது என்ன சார், இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டிருக்கிறது?" என்று கேட்பார்கள். முப்பது முறை கேட்டாலும் முப்பது முறையும் எனக்குச் சொல்லப் பிடிக்கும்.

அது ஏன் நீட்டிக்கொண்டிருக்கிறது என்பதில்தான் என் கட்சியே அடங்கியிருக்கிறது. முதல் உலகப் போருக்குப் பிறகு பிஎம்டபிள்யூ செய்த எஞ்சினை வேறு கம்பெனிகள் வாங்கித் தங்கள் வண்டிகளில் பொருத்தின. அவற்றில் ஒரு சிலிண்டர் முன்னால், ஒன்று பின்னால். பின்னால் இருந்ததற்குக் காற்று படவில்லை. சூடேறித் தொல்லை கொடுத்தது. மாக்ஸ் ஃபிரிஸ் என்ற பொறியாளர் எஞ்சினை அப்படியே குறுக்காகத் திருப்பி வைத்தார். இரண்டு சிலிண்டருக்கும் சமமாகக் காற்று. பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் தண்டு வண்டியின் நீளவாக்கில் வந்துவிட்டதால், செயின் இல்லாமல் ஷாஃப்ட் என்ற சுழல் தண்டின் மூலமாகவே பின் சக்கரத்தைச் சுழற்ற முடிந்தது. 1923ல் அப்படி வந்த ஆர்32 என்ற வண்டிக்கு 494 சிசி, எட்டரைக் குதிரைத்திறன். காற்றுக்கு எட்டட்டும் என்று வைத்தது மனிதனின் கைக்கும் எட்டியது. டேங்க்கைக் கழற்றாமல், எதையும் பிரிக்காமல், தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தால், சிலிண்டருக்குள் காற்றையும் புகையையும் விட்டு அடைக்கும் வால்வுகளின் மூடி மார்பு உயரத்தில் இருக்கும். இந்த எஞ்சினை நான் நேசிப்பதற்கு முதல் காரணம் இதுதான்.

என்னுடையது 1985ஆம் ஆண்டின் ஆர்80. 797 சிசி, 50 குதிரைத்திறன். பல கை மாறி என்னிடம் வந்தது. 2024 நவம்பர் 30ஆம் தேதி ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது நினைவிருக்கும். எங்கள் தெருவில் இடுப்பளவு தண்ணீர். அரிசி மூட்டையையும் அம்மாவையும் மாடிக்கு ஏற்றவே நேரம் போதவில்லை. வண்டி கார்புரேட்டர் மூழ்கும் அளவுக்குத் தண்ணீரில் நின்றது. மாடியிலிருந்து பார்த்தால் டேங்க்கும் கைப்பிடியும் மட்டும் தெரிந்தன. அன்றிரவு நான் தூங்கவில்லை.

தென்பெண்ணையில் வெள்ளம் வடிந்து கடலூர் சாலை திறந்ததும் முதல் ஆளாக வந்தவன் கடலூர்த் தம்பி ஒருவன். அவனிடம் இருப்பது ஆர்1250ஜிஎஸ். பழைய வண்டிக்காரர்கள் ஏளனமாகப் பேசும், தண்ணீரால் குளிரும் அதே புதிய பாக்ஸர். அதன் பெட்டிகளில் ஒன்றில் காற்றடித்து உலர்த்தும் ப்ளோயரும் மற்றொன்றில் ஸ்பேனர்களும் கொண்டு வந்தான். முதலில் பேட்டரி இணைப்பைக் கழற்றினோம். ஸ்பார்க் பிளக் இரண்டையும் எடுத்துவிட்டு, கியரில் போட்டுப் பின் சக்கரத்தைக் கையால் மெதுவாகச் சுற்றினோம். இடப்பக்கத் துளையிலிருந்து தண்ணீர் பீய்ச்சி அடித்தது. கியர்பாக்ஸின் வடிகால் நட்டைத் திறந்தால், விழுந்தது எண்ணெய் இல்லை. டீக்கடைப் பால் டீ. ஸ்பீடோமீட்டர் கேபிள் உள்ளே நுழையும் இடத்திலுள்ள ரப்பர் விரிசல் விட்டிருந்தது. தண்ணீர் அந்த வழியாகத்தான் இறங்கியிருக்க வேண்டும். சின்ன ரப்பர்தானே என்று ஒரு வருடமாக நான் தள்ளிப்போட்டது. மூன்று முறை புது எண்ணெய் ஊற்றி, சுற்றி, வடித்தோம். நான்காம் முறைதான் எண்ணெய் எண்ணெயின் நிறத்தில் வந்தது.

இரண்டாம் நாள் மாலை, மூடுவதற்கு முன்னால் வால்வு இடைவெளியை, அதாவது வால்வுக்கும் அதை அழுத்தும் ராக்கர் கைக்கும் நடுவே விட வேண்டிய மயிரிழை இடத்தை, பார்த்துவிடலாம் என்றேன். "நான் செய்யட்டுமா அண்ணே?" என்றான். மூடியின் நடுவில் ஒரு நட்டு, பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு சின்ன நட்டுகள், அவ்வளவுதான். உள்ளே ராக்கர் கைகள் கண்ணுக்கு நேராக நிற்கும். காற்றை உள்ளே விடும் இன்லெட் வால்வுக்கு 0.10 மில்லிமீட்டர், புகையை வெளியே விடும் எக்ஸாஸ்ட் வால்வுக்கு 0.20. அந்தக் கனமுள்ள அளவுத் தகட்டை உள்ளே விட்டு இழுத்தால் ஓடவும் கூடாது, இறுகவும் கூடாது. சின்ன வயதில் புத்தகத்துக்குள் வைத்த மயிலிறகை வெளியே இழுக்கும்போது ஒரு பிடிமானம் தெரியுமே, அதுதான் சரியான அளவு. அப்படிச் சொன்னவுடன் அவனுக்குப் புரிந்துவிட்டது. பூட்டு நட்டை இறுக்கும்போது அளவு மாறிவிடுகிறது என்பதையும் தானாகவே கண்டுபிடித்து, திரும்பத் திரும்பச் சரிசெய்தான். நான்கு வால்வுகளுக்கு ஒன்றரை மணி நேரம். வண்டி முதல் முறை முனகியது, இரண்டாம் முறை இருமியது, மூன்றாம் முறை நீலப்புகை கக்கிக்கொண்டு எழுந்தது. மாடியிலிருந்து அம்மா கை தட்டினார்.

ஆகவே புதியதை பாக்ஸர் இல்லை என்று சொல்பவர்களிடம் எனக்குக் கோபம் வருகிறது. 2013ல் பாக்ஸரைக் குளிர வைக்கத் தண்ணீர் வந்தது உண்மைதான். ஆனால் அதிகம் கொதிக்கும் சிலிண்டர் தலைப்பகுதிக்குத்தான் அது முக்கியமாகப் போகிறது. சிலிண்டரில் இன்றும் காற்று வாங்கும் துடுப்புகள் இருக்கின்றன, குனிந்து பாருங்கள். 1250ல் இன்லெட் வால்வுகளைத் திறக்கும் கேம் தண்டு நகர்ந்து, மெதுவாகப் போக ஒரு வடிவம், விரட்டிப் போக ஒரு வடிவம் என்று மாறிக்கொள்கிறது. அதை யோசித்தவர்களும் எஞ்சின் பித்தர்கள்தான்.

இன்னொன்று. எண்பதுகளின் தொடக்கத்தில் பிஎம்டபிள்யூவே பாக்ஸரை ஓரங்கட்டப் பார்த்தது. 1983ல் நான்கு சிலிண்டர் கே வண்டிகள் வந்தன. எதிர்காலம் அதுதான் என்றார்கள். ஆனால் 1980ல் வந்த பாக்ஸரான ஆர்80ஜிஎஸ், பாரிஸ்–டக்கார் என்ற நெடுந்தூரப் பாலைவனப் பந்தயத்தில் 1981லேயே ஜெயித்துக் காட்டியது. பெரிய 1000 சிசி பாக்ஸர்களை நிறுத்திய பிறகும் பாக்ஸர்தான் வேண்டும் என்று வாடிக்கையாளர்கள் விடாமல் கேட்டதால், அவற்றில் ஒன்றான ஆர்100ஆர்எஸ் 1986ல் மீண்டும் வந்தது. பழைய பித்தர்கள் அன்று அடம்பிடிக்காமல் இருந்திருந்தால் இன்று 1250ம் இல்லை, 1300ம் இல்லை. மரக்காணத்தில் கேலி பேசிய இளைஞனுக்கும் இதைச் சொல்லிவிடுகிறேன்.

புதிய வண்டிக்காரர்களிடம் எனக்கும் ஒரு குறை உண்டு: தொட பயப்படுகிறார்கள். வாரண்டி முடிந்து வருடங்கள் ஆன பிறகும் எண்ணெய் அளவு பார்க்கும் கண்ணாடியைத் தவிர எதன் பக்கமும் கை போவதில்லை. எலக்ட்ரானிக்ஸை வீட்டில் பார்க்க முடியாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வால்வு மூடி நூறு வருடங்களாக இருக்கும் அதே இடத்தில்தான் இருக்கிறது. இடைவெளியை மாற்ற வேண்டுமென்றால் சரியான கனத்தில் ஷிம் என்ற சின்னத் துண்டு வேண்டும். ஆனால் அளந்து பார்க்கத் தகடும் பொறுமையும் போதும். அதேபோல, பழையதை வாங்கிப் போர்வை போட்டு மூடி, விலை ஏறட்டும் என்று காத்திருப்பவர்களையும் என்னால் பாக்ஸர்காரர்கள் என்று சொல்ல முடியவில்லை. இந்த உப்புக்காற்றில் ஓடாத வண்டியின் அலுமினியம் ஒரே மழைக்காலத்தில் வெள்ளை பூத்துவிடும்.

கடலூர்த் தம்பியின் வண்டி 40,000 கிலோமீட்டரை நெருங்குகிறது. வால்வு பார்க்க வேண்டிய கட்டம். வருகிற ஞாயிறு காலை ஏழு மணிக்கு என் வீட்டு வாசலில் அவனே திறக்கப்போகிறான். பழையதோ புதியதோ, எந்த வண்டி வைத்திருப்பவரும் வரலாம், வண்டி இல்லாதவரும் வரலாம். மரக்காணத்துப் பெரியவரை நேற்றிரவு போனில் அழைத்தேன். சற்று நேரம் பேச்சே இல்லை. பிறகு, "மூடிக்குப் புது கேஸ்கெட் வாங்கி வைத்திருக்கிறானா?" என்று கேட்டார்.