ஏ2 பால் பங்கு: வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்தி சரியல்ல

"சாதாரண பால் சர்க்கரை நோய், மாரடைப்பு தரும் என்று ஐரோப்பாவே உறுதி செய்துவிட்டது. நியூசிலாந்தின் ஏ2 மில்க் கம்பெனி பங்கை வாங்கிப் போடுங்கள், இனி ஏறுமுகம்தான்" என்று ஒரு செய்தி சுற்றுகிறது. இரண்டுமே தவறு.

ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2009-இல் சொன்னது நேர் எதிரானது. சாதாரண பாலில் உள்ள ஏ1 என்ற புரத வகையிலிருந்து (ஏ2 பாலில் இது இருக்காது) வரும் பிசிஎம்-7 என்ற புரதத்துண்டுக்கும் இந்த நோய்களுக்கும் காரணத் தொடர்பு நிறுவப்படவில்லை என்பதே அதன் முடிவு. அறிக்கை ஆணையத்தின் இணையதளத்திலேயே இருக்கிறது. ஏ1, ஏ2 வித்தியாசம் உண்மைதான்: பாலில் உள்ள பீட்டா கேசீன் என்ற புரதத்தின் 67-ஆவது இடத்தில் ஒரே ஒரு அமினோ அமிலம் மாறுகிறது. ஏ2 பால் குடித்தால் வயிற்று உப்புசம் குறைவதாகச் சில சிறிய ஆய்வுகள் சொல்கின்றன. அவற்றில் சிலவற்றுக்கு அந்த நிறுவனமே நிதி கொடுத்தது. லாக்டோஸ் என்ற பால் சர்க்கரை இரண்டிலும் உண்டு என்பதால், அது ஒத்துக்கொள்ளாதவர்கள் ஏ2-வை நம்பிக் குடிக்க வேண்டாம்.

சரி, பங்கு? 2020-இல் ஆஸ்திரேலியச் சந்தையில் சுமார் 20 டாலர் வரை போனது, 2021 மே மாதம் 6 டாலருக்கும் கீழே விழுந்தது. கொரோனாவால் எல்லைகள் மூடி, சீனாவுக்குக் குழந்தைப் பால்மாவு வாங்கி அனுப்பியவர்களின் வியாபாரம் படுத்ததே முக்கியக் காரணம். பாலின் குணம் அப்படியேதான் இருந்தது, சேமிப்பைப் போட்டவர்கள்தான் நொந்துபோனார்கள்.

தயவுசெய்து அந்த வாட்ஸ்அப் செய்தியை யாருக்கும் அனுப்பாதீர்கள். உங்கள் குழுவில் வந்தால் 2009 அறிக்கையையும், நிறுவனம் பங்குச்சந்தைக்குத் தாக்கல் செய்த ஆண்டறிக்கையையும் பார்க்கச் சொல்லுங்கள்.