தெளிவு யார் கையில்?

போன மாசம் ஆத்தாவைக் கூட்டிக்கொண்டு ஒரு மருத்துவமனைக்குப் போயிருந்தேன். சர்க்கரை மாத்திரைகளை மாற்றி எழுதிய டாக்டர், அரை நிமிடத்தில் எல்லாம் சொல்லி முடித்தார். ஆத்தா என் முகத்தைப் பார்த்தார்கள். "இன்னொரு தடவை சொல்லுங்க சார்" என்றேன். "தெளிவாத்தானே சொன்னேன்" என்றார்.

அந்தச் சொல் மனசை விட்டுப் போகவே இல்லை. திக்காமல் திணறாமல் கணீரென்று பேசிவிட்டால் அது தெளிவு என்று நினைக்கிறோம். 1939-ல் சா. கணேசன் கம்பன் விழா தொடங்கிய காரைக்குடி எங்கள் ஊர். கணீர்க் குரலின் அருமை எங்களுக்குத் தெரியும். ஆனால் தெளிவு என்றால் எனக்கு அப்பத்தாவின் தண்ணீர்க் குடம்தான் நினைவுக்கு வருகிறது.

அவர்கள் காலத்தில் குடிக்க ஊருணித் தண்ணீர். மழைக்குக் கலங்கிவிட்டால், தேற்றாங்கொட்டையை மண்குடத்தின் உள்பக்கம் தேய்த்துவிட்டு ஊற்றி வைப்பார்கள். கொட்டையின் பசை மண்துகள்களைத் திரட்டி அடியில் படியவைக்கும். "குடத்தை ஆட்டாதே, தெளியட்டும்" என்பார்கள். கலித்தொகையிலேயே இது இருக்கிறது: 'இல்லத்துக் காழ்கொண்டு தேற்றக் கலங்கிய நீர்போல் தெளிந்து.' இல்லம் என்பது இங்கே வீடு அல்ல, தேற்றா மரம். காழ் அதன் கொட்டை. காதலில் கலங்கிய ஒரு பெண்ணின் மனம் தெளிந்ததற்கு அந்த உவமை. பேச்சு செய்ய வேண்டிய வேலையும் அதுதானே?

தேறு என்ற சொல்லையும் பாருங்கள். காய்ச்சலில் கிடந்த உடம்பு தேறுகிறது, பரீட்சையில் பிள்ளை தேறுகிறான், துக்க வீட்டில் தேற்றுகிறோம். தெளிந்த கள்ளுக்குச் சங்க காலத்தில் தேறல் என்று பேர். கொங்குப் பக்கம் பதநீரைத் தெளுவு என்கிறார்கள். நம் வீட்டில் ரசத்தைக் கலக்காமல் தெளிவாக ஊற்றச் சொல்வோம். சுளகில் அரிசியைத் தெள்ளிக் கல்லைப் பிரிப்பதும் இந்தக் குடும்பத்துச் சொல்தான்.

தண்ணீர் தெளிந்ததா என்று கொட்டையையா கேட்கிறோம்? குடத்துக்குள் எட்டிப் பார்க்கிறோம். அப்படியானால் "தெளிவாச் சொன்னேன்" என்பதைச் சொன்னவர் எப்படி முடிவு செய்ய முடியும்? கேட்டவர்தான் சொல்ல வேண்டும்.

அன்று வெளியே வந்ததும், நர்ஸ் பொண்ணு ஒன்று ஆத்தாவைப் பெஞ்சில் உட்காரவைத்தது. ஒரு அட்டையைக் கையில் கொடுத்து, "இது காலையில, சாப்பிடறதுக்கு முன்னாடி" என்று சொல்லி நிறுத்தியது. பிறகு அடுத்த அட்டை. எல்லாம் முடிந்ததும், "இப்ப நீங்க சொல்லுங்க ஆயா" என்றது. ஆத்தா ஒன்றை மாற்றிச் சொன்னார்கள். திருத்திவிட்டு மறுபடி சொல்லச் சொன்னது.

இந்த மாசம் ஆத்தா என்னிடம் கேட்காமலே மாத்திரை எடுத்துக்கொள்கிறார்கள்.